வீட்டில் போதைப்பொருள் சோதனை, உறவினர் கைது: குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கஞ்சாவோ மாத்திரையோ பிடிபட்டதாகச் சொல்லி மகனையோ தம்பியையோ கணவரையோ போலீஸ் அழைத்துச் சென்றுவிட்டால், வீட்டில் இருப்பவர்களுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. இந்தக் கேள்விகள் அவர்களுக்காகத்தான். தமிழ்நாட்டில் நடக்கும் வழக்குகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். சட்டம் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் எல்லோரும் என்.டி.பி.எஸ். என்றுதான் சொல்வார்கள். கைது, ரிமாண்ட் (கோர்ட் உத்தரவில் காவலில் வைப்பது), ஜாமீன் நடைமுறைக்கு 2024 ஜூலை 1 முதல் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய சட்டம் அமலில் இருக்கிறது. உங்கள் வழக்குக்கென்று ஒரு வழக்கறிஞர் கண்டிப்பாக வேண்டும். அவரிடம் எதைக் கொண்டுபோவது, அதற்குள் எதைச் செய்யாமல் இருப்பது என்பதற்கு இந்தப் பக்கம் உதவும்.

இப்போதுதான் கூட்டிக்கொண்டு போனார்கள். முதலில் என்ன செய்வது?

ஒரு நோட்டை எடுத்து எழுதுங்கள். எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை பேர், சீருடையில் இருந்தார்களா, வண்டி எண் என்ன, எந்த ஸ்டேஷன் அல்லது எந்தப் பிரிவு என்று சொன்னார்கள், எந்த அறையில் தேடினார்கள், எதை எடுத்தார்கள், பக்கத்து வீட்டில் யார் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து எழுதினால் பாதி மறந்திருக்கும், மீதி குழம்பியிருக்கும். வீட்டிலோ தெருவிலோ சிசிடிவி இருந்தால் அந்தப் பதிவை அன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள். பல கருவிகளில் சில நாட்களில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும். போதைப்பொருள் வழக்கில் பெரும்பாலான வாதங்கள் நேரத்தையும் இடத்தையும் சுற்றியே நடக்கும். பிடித்தது காலையில் வீட்டில், ஆனால் எஃப்ஐஆரில் மாலையில் பஸ் ஸ்டாண்ட் என்று இருந்தால், அதை உடைக்க உங்கள் நோட்டும் அந்தப் பதிவும்தான் கைகொடுக்கும்.

அப்புறம் வழக்கறிஞரை அழையுங்கள். உறவினர்களுக்கும் தெரிந்த அரசியல் கட்சிக்காரருக்கும் போன் போடுவது அதற்குப் பிறகு.

எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே சொல்ல மறுக்கிறார்களே?

மறுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. யாரைக் கைது செய்தாலும், அவர் சொல்லும் உறவினர் அல்லது நண்பருக்குத் தகவல் தர வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 48-ஆம் பிரிவு. தகவல் தந்ததை ஸ்டேஷன் பதிவேட்டிலும் எழுத வேண்டும். கைதானவர்களின் விவரத்தை மாவட்டக் கட்டுப்பாட்டு அறையும் வைத்திருக்க வேண்டும். ஸ்டேஷனில் பதில் இல்லையென்றால் அங்கே கேளுங்கள். போதைப்பொருள் வழக்கைப் பல அமைப்புகள் போடுகின்றன என்பதை மறக்க வேண்டாம். உள்ளூர் காவல் நிலையத்தைத் தவிர, மாநிலப் போலீசின் போதைப்பொருள் நுண்ணறிவுப் பிரிவு, மத்திய அரசின் போதைப்பொருள் கட்டுப்பாட்டு அமைப்பான என்.சி.பி., சுங்கத்துறை, வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் என்று யாராகவும் இருக்கலாம். உள்ளூர் ஸ்டேஷனில் "எங்களுக்குத் தெரியாது" என்பது சில நேரம் உண்மையாகவே இருக்கும்.

கைதான நேரத்திலிருந்து, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு தரும் உரிமை. அந்த நேரம் தாண்டியும் ஆள் எங்கே என்று தெரியவில்லை என்றால் காவல் கண்காணிப்பாளர் அல்லது ஆணையருக்குத் தந்தி போல இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள்: யார், எப்போது, எங்கிருந்து அழைத்துச் செல்லப்பட்டார், இன்னும் தகவல் இல்லை. அதன் நகலை மாஜிஸ்திரேட்டுக்கும் அனுப்புங்கள். பிறகு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட வேண்டி வந்தால் அந்த மின்னஞ்சலின் தேதியும் நேரமும் பேசும்.

எதற்காகக் கைது என்று எழுதித் தர வேண்டுமா?

வேண்டும். வாயால் சொன்னால் போதாது. பங்கஜ் பன்சல் (2023), பிரபீர் புர்காயஸ்தா (2024), விஹான் குமார் (2025) தீர்ப்புகளில் உச்ச நீதிமன்றம் இதைப் படிப்படியாக இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. 2025 நவம்பரில் வந்த தீர்ப்பு, எந்தக் குற்றமானாலும் கைதுக்கான காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்றது. உடனே முடியாத சூழ்நிலையிலும் ரிமாண்டுக்கு நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது தந்தாக வேண்டும். தமிழ் மட்டுமே தெரிந்தவரிடம் ஆங்கிலத் தாளை நீட்டியிருந்தால், ரிமாண்ட் சமயத்திலேயே வழக்கறிஞர் அதை மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும்.

எஃப்ஐஆர் நகலையும் கேளுங்கள். கைதானவர் சார்பில் குடும்பத்தாரே விண்ணப்பித்து வாங்கலாம்.

"எத்தனை கிராம்?" என்று வழக்கறிஞர் முதலிலேயே கேட்கிறார். அது ஏன் அவ்வளவு முக்கியம்?

இந்தச் சட்டத்தில் எல்லாமே எடையில்தான் தொங்குகிறது. தண்டனை, ஜாமீன், எத்தனை நாள் உள்ளே வைக்கலாம், எல்லாம். சிறிய அளவு, வணிக அளவு, இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு என்று மூன்று அடுக்கு. கஞ்சாவுக்கு 1 கிலோவுக்குக் கீழ் சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. ஹெராயினுக்கு அதுவே 5 கிராம், 250 கிராம். மெத்தம்பெட்டமினுக்கு 2 கிராம், 50 கிராம். கொக்கைனுக்கு 2 கிராம், 100 கிராம். எம்.டி.எம்.ஏ.வுக்கு அரை கிராம், 10 கிராம். 15 கிராம் மெத்தும் 15 கிலோ கஞ்சாவும் ஒரே அடுக்கில் வரும் என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

கஞ்சாவில் சிறிய அளவுக்கு அதிகபட்சம் ஓராண்டு சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். வணிக அளவு என்றால் குறைந்தபட்சமே 10 ஆண்டு; 20 ஆண்டு வரை போகலாம், அபராதம் ஒரு லட்சத்திலிருந்து ஆரம்பம்.

இரண்டு விஷயத்தை வழக்கறிஞரிடம் தவறாமல் கேளுங்கள். ஒன்று, கஞ்சா என்றால் சட்டப்படி செடியின் பூ, காய்ப் பகுதி. அவை இல்லாமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் சேராது. 21, 22 கிலோ என்று எஃப்ஐஆரில் இருந்தால் எதை, எப்படி, சாக்கோடா சாக்கில்லாமலா எடை போட்டார்கள் என்பது 10 ஆண்டைத் தீர்மானிக்கும் கேள்வி. இரண்டு, மாத்திரை என்றால் அட்டையில் இருக்கும் மருந்தின் பெயர். எல்லா வலி மாத்திரையும் இந்தச் சட்டத்தில் வராது; டிராமடால் போன்றவை வரும், அதை 2018-ல் சேர்த்தார்கள். டாக்டர் சீட்டு இருந்தால் அசலைப் பத்திரமாக வையுங்கள், நகலை மட்டும் கொடுங்கள். பவுடரில் வேறு பொருள் கலந்திருந்தால் கலப்படத்தைக் கழிக்க மாட்டார்கள். மொத்த எடையும் கணக்கில் வரும் என்று 2020-ல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ராத்திரியில் வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் வந்து தேடினார்கள். இது செல்லுமா?

சில நிபந்தனைகளோடு செல்லும். என்.டி.பி.எஸ். சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி அதிகாரம் பெற்ற அதிகாரி, கிடைத்த தகவலை முதலில் எழுத்தில் பதிய வேண்டும்; அதன் நகலை 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வாரண்ட் இல்லாமல் வீட்டில் நுழைந்தால், வாரண்ட் வாங்கும்வரை காத்திருந்தால் ஆதாரம் போய்விடும் அல்லது ஆள் தப்பிவிடுவார் என்று நம்பியதற்கான காரணத்தையும் எழுத வேண்டும். இதைச் சுத்தமாகச் செய்யாமல் விட்டால் வழக்கே விழலாம். தாமதமாகச் செய்தால் அதற்குத் திருப்தியான விளக்கம் தர வேண்டும். 2009-ல் கர்னைல் சிங் வழக்கில் சொல்லப்பட்டது இதுதான். ரோடு, பஸ் ஸ்டாண்ட், டீக்கடை போன்ற பொது இடத்தில் பிடித்தால் 43-ஆம் பிரிவு வரும், அங்கே இந்த நிபந்தனைகள் கிடையாது.

சோதனையை வாசலில் நின்று தடுக்காதீர்கள். தனி வழக்கு வந்துவிடும். ஆனால் கூடவே இருந்து பார்க்கலாம், அது வீட்டுக்காரரின் உரிமை. அக்கம்பக்கத்தில் இருக்கும் சாட்சிகள் இருவர் வேண்டும், எடுத்த பொருட்களின் பட்டியலில் ஒரு நகல் உங்களுக்குத் தர வேண்டும். பி.என்.எஸ்.எஸ். 105-ஆம் பிரிவு வந்தபிறகு சோதனை முழுவதையும், பட்டியல் தயாரிப்பது வரை, வீடியோ எடுக்க வேண்டும். எடுத்தார்களா இல்லையா என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

உடல் சோதனைக்கு ஏதோ அதிகாரி முன்னால் கூட்டிப்போகணும் என்கிறார்களே?

50-ஆம் பிரிவு. ஒருவரின் உடலைச் சோதிப்பதற்கு முன், "அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு" என்று அவரிடம் சொல்லியே ஆக வேண்டும். 1999-ல் பல்தேவ் சிங் வழக்கிலும், அடுத்து 2010-ல் ஜடேஜா வழக்கிலும் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை உறுதி செய்தது. பலர் சேர்ந்து பிடிபட்டால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். "அல்லது எங்கள் இன்ஸ்பெக்டர் முன்னிலையிலேயே சோதிக்கட்டுமா" என்று மூன்றாவது வழியைக் காட்டுவதும் தவறு. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும்.

ஆனால் இது உடலுக்கு மட்டும்தான். பை, ஸ்கூட்டர் பெட்டி, அலமாரி இவற்றிலிருந்து எடுத்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. "50-ஆம் பிரிவை மீறிவிட்டார்கள், கேஸ் நிற்காது" என்று யாராவது அடித்துச் சொன்னால், பொருள் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று மகஜரை (பொருளைக் கைப்பற்றியபோது எழுதிய பதிவை) பாருங்கள். வீண் நம்பிக்கை தருபவர்கள் அதிகம்.

எங்களிடமும் கையெழுத்து கேட்கிறார்கள். போடலாமா?

படிக்காமல் போடாதீர்கள், வெற்றுத் தாளில் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். கைது குறிப்பாணையில் (கைது விவரம் எழுதிய தாளில்) குடும்பத்தார் ஒருவர் சாட்சியாகக் கையெழுத்துப் போடுவது சட்டம் சொல்வதுதான். அதில் நேரத்தையும் தேதியையும் பாருங்கள். தவறாக இருந்தால் பக்கத்தில் சரியான நேரத்தை உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் "படித்துக் காட்டப்படவில்லை" என்று தமிழில் எழுதுங்கள். நீங்கள் பார்க்காத இடத்தில் எடுத்த பொருளுக்கு நீங்கள் சாட்சியாக முடியாது.

"உங்க பையனே ஒத்துக்கிட்டான்" என்கிறார்கள். அவ்வளவுதானா?

இல்லை. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. முன்பு என்.சி.பி., வருவாய்ப் புலனாய்வு போன்ற அமைப்புகள், "நாங்கள் போலீஸ் அல்ல, 67-ஆம் பிரிவில் வாங்கிய வாக்குமூலம் செல்லும்" என்று வாதாடி வந்தன. அதற்கு 2020 அக்டோபர் 29-ல் முடிவு வந்தது. தமிழ்நாட்டிலிருந்து போன தூபன் சிங் வழக்கில், இந்தச் சட்டத்தில் அதிகாரம் பெற்ற அதிகாரிகளும் போலீஸ் அதிகாரிகளே, அந்த வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இருவர் தீர்ப்பளித்தார்கள். இன்னொருவர் ஸ்டேஷனில் உங்கள் மகன் பெயரைச் சொன்னார் என்பதற்காக மட்டும் கைதாகியிருந்தால் இந்தத் தீர்ப்பு மிகவும் உதவும். போன் பேச்சு, பணப் பரிமாற்றம் என்று தனி ஆதாரம் இருக்கிறதா என்பதே அப்போது கேள்வி.

விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம். முழு நேரமும் கூடவே உட்கார வைக்க முடியாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது அரசியலமைப்பின் 20(3)-ஆம் பிரிவு.

அடித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

ரிமாண்டுக்கு நிறுத்தும்போது மாஜிஸ்திரேட்டிடம் அவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பயத்தில் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டால் பின்னால் நிரூபிப்பது கடினம். அதனால் அதற்கு முன்பே வழக்கறிஞர் அவரிடம் ஒரு நிமிடமாவது பேசட்டும். கைதானதும் மருத்துவப் பரிசோதனை செய்வது கட்டாயம். அந்த அறிக்கையின் நகலை அவரோ அவர் நியமிக்கும் ஒருவரோ பெறலாம். காயம் இருந்தும் அறிக்கையில் வரவில்லை என்றால் மறுபரிசோதனை கேட்டு அன்றைக்கே மனு போட வேண்டும். காயம் ஆறும், தடயம் போய்விடும்.

வீட்டில் இருந்ததால் எங்களையும் வழக்கில் சேர்ப்பார்களா?

ஒரே கூரையின் கீழ் இருப்பது குற்றம் ஆகாது. பொருள் இருப்பது தெரிந்து, அது தன் கட்டுப்பாட்டில் இருந்தது என்று காட்ட வேண்டும். வீட்டைப் பயன்படுத்தத் தெரிந்தே அனுமதித்தால் 25-ஆம் பிரிவு, கூட்டுச்சதி என்றால் 29-ஆம் பிரிவு. அதனால் "அது இருந்தது எங்களுக்குத் தெரியும், சொன்னால் கேட்க மாட்டான்" என்று அழுதுகொண்டே சொல்லும் ஒரு வரி அம்மாவையே குற்றவாளிப் பட்டியலில் கொண்டுபோய் நிறுத்தலாம். விசாரணைக்கு வரச் சொன்னால் எழுத்தில் சம்மன் கேளுங்கள். பெண்கள், 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட அல்லது 60 வயதைத் தாண்டிய ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் அவர்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும்.

ஜாமீன் கிடைக்குமா?

சிறிய அளவு என்றால் பெரும்பாலும் சீக்கிரம் கிடைக்கும். ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைதுக்குப் பதிலாக நோட்டீஸ் கொடுத்து விசாரிப்பதே பொது விதி. இடைப்பட்ட அளவில் முந்தைய வழக்கு, வேலை, குடும்ப நிலை எல்லாம் பார்ப்பார்கள்.

வணிக அளவு என்றால் 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். அவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே வந்தால் குற்றம் செய்ய மாட்டார் என்று நீதிமன்றம் திருப்தி அடைந்தால்தான் ஜாமீன். விசாரணை முடியாமலே ஒருவர் நிரபராதி என்று நம்ப வைக்கச் சொல்லும் இந்த விதி மிகக் கடுமையானது என்பது என் கருத்து. ஆனால் அது மூடிய கதவு இல்லை. ஏழு ஆண்டுக்கு மேல் விசாரணைக் கைதியாகவே இருந்த ஒருவருக்கு 2023-ல் முகமது முஸ்லிம் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் தந்தது. விசாரணை அளவுக்கு மீறி இழுத்தால் 37-ஆம் பிரிவு தடையாகாது என்றது.

ஜாமீன் உத்தரவு வந்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே கிடப்பவர்கள் உண்டு. ஏழு நாளில் வெளியே வராவிட்டால் சிறை நிர்வாகம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. நிபந்தனையைத் தளர்த்தக் கோரி மனு போடலாம்.

180 நாள் கணக்கு என்றால் என்ன?

குற்றப்பத்திரிகை போட அரசுக்கு உள்ள காலக்கெடு. வணிக அளவு வழக்கில் 180 நாள். அரசு வழக்கறிஞர் காரணங்களோடு அறிக்கை தந்தால் நீதிமன்றம் ஓராண்டு வரை நீட்டலாம். மற்ற வழக்குகளில் 60 அல்லது 90 நாள். உங்கள் வழக்குக்கு எது என்று முதல் வாரத்திலேயே வழக்கறிஞரிடம் கேட்டு, முதல் ரிமாண்ட் தேதியிலிருந்து காலண்டரில் குறியுங்கள். கெடு முடிந்தும் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகிவிடும். 37-ஆம் பிரிவும் தடுக்காது.

ஆனால் கேட்டால்தான் கிடைக்கும், குற்றப்பத்திரிகை தாக்கலாவதற்கு முன்பே கேட்க வேண்டும். சென்னையில் வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் போட்ட ஒரு வழக்கில் கெடு முடிந்தவுடன் ஜாமீன் மனு போட்டார்கள். அதன் மீது வாதம் நடக்கும் நாளிலேயே அவசரமாகக் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்தது அரசுத் தரப்பு. மனு முதலில் வந்துவிட்டதால் உரிமை போகாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில மணி நேர வித்தியாசம்தான். அந்த நாள் காலையில் மனு தயாராக இருக்க வேண்டும்.

வக்கீல் வைக்கப் பணமில்லை.

காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் தரும் உரிமை இது. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம். ரிமாண்ட் நேரத்தில் மாஜிஸ்திரேட்டிடம் கேட்டாலும் நியமிப்பார்.

"கொஞ்சம் செலவு பண்ணினால் எடையைக் குறைத்துவிடலாம்" என்று ஒருவர் வருகிறார்.

கொடுக்காதீர்கள். லஞ்சம் கொடுப்பதும் குற்றம். நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம் போன பிறகு வழக்கறிஞருக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது, வழக்கும் அப்படியே இருக்கும். யாராவது அதிகாரி கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறைக்குச் சொல்லலாம்.

வண்டி, வங்கிக் கணக்கு?

உங்கள் பைக்கை உங்களுக்குத் தெரியாமல் பயன்படுத்தியிருந்தால் அதைத் திரும்பக் கேட்கலாம். தெரியாது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். வழக்கு முடியும்வரை இடைக்காலமாக வாகனத்தைத் தர இந்தச் சட்டத்தில் தடை இல்லை என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மழையிலும் வெயிலிலும் ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்கும் முன் மனு போடுங்கள். கடுமையான வழக்குகளில் உறவினர் பெயரில் உள்ள சொத்தையும் முடக்கலாம். அந்த உத்தரவை உரிய அதிகாரி 30 நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் அது செல்லாது. சம்பளச் சீட்டு, பத்திரம், கடன் ஆவணம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

பையனுக்கு 17 வயதுதான்.

பிறப்புச் சான்றிதழையோ பள்ளிச் சான்றிதழையோ எடுத்துக்கொண்டு உடனே ஓடுங்கள். 18 நிரம்பாதவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது, இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்த வேண்டும். ஜாமீன் விதியும் வேறு, பெரியவர்களுக்கு உள்ளதைவிட எளிது.

சிறையில் இருக்கும்போதே குண்டாஸ் போட்டுவிட்டார்கள். இது என்ன தனி வழக்கா?

இது வழக்கு அல்ல, தடுப்புக் காவல். குண்டாஸ் என்று எல்லோரும் சொல்லும் 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14-ஆம் சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளி என்றும் ஒரு வகை இருக்கிறது. 12 மாதம் வரை ஜாமீன் இல்லாமல் வைக்கலாம். ஆனால் காரணங்களை ஐந்து நாளுக்குள் தர வேண்டும். அவருக்குத் தெரிந்த மொழியில், படிக்கும்படியான நகல்களோடு தர வேண்டும். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். அந்தக் காவல் தேவையா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமத்தின் முன் அவர் தன் தரப்பைச் சொல்லலாம். கொடுத்த கட்டு முழுவதையும் பக்கம் பக்கமாகப் பாருங்கள். மங்கலான நகல், மொழிபெயர்க்காத பக்கம், காவலை எதிர்த்து அனுப்பிய முறையீட்டுக்குப் பதில் சொல்லத் தாமதம் ஆகிய காரணங்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றமும் மதுரைக் கிளையும் பல உத்தரவுகளை ரத்து செய்திருக்கின்றன. முறையீட்டை முதல் வாரத்திலேயே அனுப்புங்கள்.

அவன் விற்பவன் இல்லை, அடிமையாகிப் போனவன். சட்டத்தில் அதற்கு இடமில்லையா?

இருக்கிறது, ஆனால் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. போதைப்பொருளை உட்கொண்ட குற்றமோ சிறிய அளவு வைத்திருந்த குற்றமோ மட்டும் சாட்டப்பட்டிருந்து, அவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்தால், வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்கு கேட்கலாம், 64ஏ பிரிவு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு போய்விடும். குற்றம் நிரூபணமான பிறகும், தண்டிப்பதற்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப 39-ஆம் பிரிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சிறைக்குப் போன முதல் நாட்களில் உடம்பு கடுமையாகப் படுத்தும். வியர்வை, வாந்தி, தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பு. சிறையில் அவரைப் பார்க்கப் போகும்போது சிறை மருத்துவரிடம் இதை எழுதிக் கொடுங்கள். பழைய சிகிச்சைச் சீட்டுகளையும் சேர்த்துக் கொடுங்கள். அதே தாள்களின் நகல்தான் வழக்கறிஞர் 64ஏ மனுவுக்கும் கேட்பார்.